கூரைக்கடியில் கட்டிய பாசி

ஒரு மனிதரின் மூச்சு சம்பந்தப்பட்ட ஆய்வில் நான் தெரிந்தே ஏமாற்றினேன்.

அப்போது நான் கோவையில் தாவரவியல் ஆசிரியர். சூலூர்ப் பக்கம் என் மனைவியின் அண்ணன் இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருந்தார். அதன் புகை பக்கத்துத் தோட்டத்தில் இறங்கியது. தோட்டக்காரருக்கு ஓயாத மூச்சிரைப்பு. அவர் மனைவி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்தார். புகையைச் சோதிக்கும் வேலை என்னிடம் வந்தது. உறவைச் சொல்லி விலகியிருக்கலாம், சொல்லவில்லை.

இந்தச் சோதனைக்கு மலையிலிருந்து மரப்பாசி கொண்டுவந்து வலைப்பைகளில் கட்டித் தொங்கவிடுவோம். மசாலாவில் போடும் கல்பாசியின் இனம்தான். காய்ந்திருந்தால் அது உறங்கும். புகை அதிகம் தொடாது. பனியில் நனைந்து விழித்ததும் கந்தகப் புகை உள்ளே கரையும். செல்லுக்குள் தறிகெட்டு வினைபுரியும் ஆக்சிஜன் பெருகிச் சவ்வையும் பச்சையத்தையும் அரிக்கும். பாசி வெளுத்துச் சாகும்.

தோட்டத்துத் தென்னையில் பைகளைக் கட்டப் போனபோது மச்சான் வந்தார்.

"ஏனுங்க மாப்ள, பாசிங்களா, புரோட்டாப் பொட்டலமுங்களா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். "நம்ம தொழிலுங்க. பாத்துச் செஞ்சு போடுங்க."

பைகளை மோட்டார் ரூமின் தகரக் கூரைக்கடியில் கட்டினேன்.

"மரத்துல கட்டலீங்களா சார்?" என்றார் தோட்டக்காரரின் மனைவி.

"பனி பட்டாக் கெட்டுப் போயிருமுங்க."

நம்பினார். பாசி உறங்கியே கிடந்தது. பாதிப்பில்லை என்று எழுதினேன். புகார் தள்ளுபடியானது. மறு மார்கழியில் தோட்டக்காரர் இறந்துபோனார்.

ஓய்வுபெற்ற பிறகு, பனிக்கால விடியலில் பக்கத்தில் யாரோ இரைப்பது கேட்கும். "உங்க மூச்சுதானுங்க அது" என்பாள் மனைவி.

போன தை மாதம் அதே தோட்டத்துத் தென்னைகளில், திறந்த வெளியில், பைகளைக் கட்டினேன். பாசி வெளுத்தது. முன்பு செய்த ஏமாற்றையும் சேர்த்து எழுதி அதே அலுவலகத்தில் கொடுத்தேன். பவுண்டரிக்குப் புகை வடிகட்டி வைக்க உத்தரவு வந்தது. மச்சான் வீட்டோடு பேச்சு நின்றது.

தோட்டக்காரரின் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே வெளிய கட்டியிருந்தா அவரு இருந்திருப்பாருங்களா சார்?"

"தெரியலீங்க அம்மணி."

உள்ளே போனார். மோர் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"பாத்துப் போங்க. இனி வர வேண்டாமுங்க."

எங்கள் பக்கம் கிளம்பும்போது 'வாரேனுங்க' என்றுதான் சொல்வோம். அதைச் சொல்லாமல் படியிறங்கினேன்.