சுகந்தி அக்காவின் ஐந்து வருட கான்ட்ராக்ட்

சுகந்தி அக்கா நேற்றுக் காலை கண்ணை மூடிவிட்டார். லண்டன் வால்தம்ஸ்டோவில், மகள் வீட்டில்.

வாட்ஸ்அப்பில் செய்தியைப் பார்த்தபோது ஷிப்டில் நின்றேன். ஃபோனைப் பையில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

அப்டன் பார்க்கில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றவரைப் படத்தில் நடிக்கக் கூட்டிவந்தவன் நான்தான். அப்போது எட்மண்டனில் ஒரு சின்னத் தமிழ் ஸ்டூடியோவுக்கு மேனேஜராக இருந்தேன்.

எழுபது நிமிட மௌனப் படம். ஒரு வசனமும் கிடையாது. முழுக்க முழுக்க அக்காவின் முகம்.

கான்ட்ராக்ட் ஆங்கிலத்தில் இருந்தது. "தம்பி, நீர் வாசிச்சுச் சொல்லும், எனக்கு விளங்காது" என்றார்.

ஐந்து வருடத்துக்கு வேறு யாருக்கும் நடிக்கக் கூடாது என்ற பக்கத்தை நான் வாசிக்கவில்லை. "எல்லாம் வழமையான விஷயம்தான் அக்கா, சைன் பண்ணுங்கோ."

படம் நாலைந்து நாடுகளில் ஓடியது. பரிசும் வாங்கியது. அக்காவுக்கு ஒரு பவுண்ட்கூட வரவில்லை.

ஒருநாள் கடை வேலை முடிந்து நேரே ஸ்டூடியோவுக்கு வந்தார். "அண்ணை, என்ர சம்பளம்..."

ஸ்டூடியோ முதலாளி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நீர் படத்தில ஒரு வசனமாவது கதைச்சனீரே? வாய் திறக்காததுக்கு என்ன சம்பளம்?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். ஓம், நானும்தான். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார்... முடியவில்லை.

அடுத்த வருடம் வேறொரு இயக்குநர் அவரைப் பெரிய வேடத்துக்குக் கேட்டார். "அந்தக் கான்ட்ராக்டை அவனுக்கு அனுப்படா" என்றார் முதலாளி.

ஈமெயில் அனுப்பியது நான். இரண்டே நாளில் அந்த வேடத்திலிருந்து அக்காவை நீக்கிவிட்டார்கள்.

பிறகு நானும் அந்த வேலையை விட்டேன். போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். தலையில் முடி இல்லை. கண் மட்டும் அதே கண்.

"தம்பி, அஞ்சு வருஷம் முடிஞ்சுது. இனி ஆர் கூப்பிட்டாலும் நடிக்க ஏலும், என்ன?"

"ஓம் அக்கா."

அப்போதும் அந்த ஈமெயிலைப் பற்றிச் சொல்லவில்லை.

இன்று அக்காவின் மகள் மரண அறிவித்தல் நோட்டீசுக்காக முதலாளியிடம் அந்த மௌனப் படத்திலிருந்து ஒரு ஃபோட்டோ கேட்டிருக்கிறாள். "தாறன் பிள்ளை. ஆனா கீழ ஸ்டூடியோ பேர் இருக்கும், அதை வெட்டக் கூடாது" என்றாராம் முதலாளி.

அது வேண்டாமென்று, அக்கா கடையில் புடவை மடித்துக்கொண்டு நிற்கும் ஃபோட்டோவைப் போட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை செத்தவீட்டுக்கு வாறன் அக்கா. பின்னுக்கு நிக்கிறன்.