கார்டின் வலப்பக்கம்

மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 10.20. பாசிர் கூடாங்கிலிருந்து பெரியப்பா அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நீதானே இலக்கியம் படிக்கிற? மாலதி கல்யாணக் கார்டுல நம்ம குடும்ப வரலாறு போடணும். நூறு வார்த்தை, நல்ல தமிழ்ல. 'கங்காணி' மூணு தடவ வரணும்."

"மூணு தடவையா பெரியப்பா?"

"ஏன், பத்தாதா?"

மாலதி அக்கா அவருடைய ஒரே மகள். மாப்பிள்ளை வீட்டார் இலங்கைத் தமிழர்கள். மூன்று தலைமுறையாக இந்த நாட்டிலேயே அரசாங்க உத்தியோகம். தங்கள் வரலாற்றை அவர்கள் முன்பே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா ஸ்டேஷன் மாஸ்டராம். கார்டின் இடப்பக்கத்தில் அவர் கம்பீரமாக அமர்ந்துவிட்டார். வலப்பக்கம் காலி. அந்தக் காலி இடம்தான் பெரியப்பாவைத் தூங்கவிடவில்லை.

எங்கள் கொள்ளுத்தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கிய கங்காணி என்பது நான் பிறந்தது முதல் கேட்டுவரும் செய்தி. சாட்சி, பெரியப்பா வீட்டு வரவேற்பறையில் தொங்கும் படம். இடுப்பளவுப் படம்: தலையில் தொப்பி, முறைத்த பார்வை, கையில் நீளமான பிரம்பு. 'பிரம்பு வெச்சிருக்கவர் கங்காணி இல்லாம வேற யாரு?' என்று பெரியப்பா கேட்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

எனக்கு மட்டும் நெடுநாளாக ஒரு சந்தேகம். நான் போய் வந்த உறவினர் வீடுகள் அனைத்திலும் ஒரு கங்காணி சுவரில் இருக்கிறார். தோழிகளின் வீடுகளிலும் இருக்கிறார். எல்லாரும் மேற்பார்வை பார்த்தார்கள் என்றால்... பால்மரம் சீவியது யார்?

அச்சாகப் போகும் வாக்கியத்தைச் சரிபார்க்காமல் எழுத எனக்கு வராது. அடுத்த சனிக்கிழமை தங்காக்குக்குப் பஸ் ஏறினேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, அங்கே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். குடும்பத்தின் பழைய காகிதங்கள் அவரிடம்தான் இருக்கின்றன. மதிய ஓய்வில், சேலை விரிக்கும் நீள மேசையின் ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் உறையை என் முன் வைத்தார்.

முதலில் தாத்தாவின் பிறப்புப் பத்திரம். 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில், சாய்ந்த கையெழுத்தில், மலேரியா எண்ணெய் தெளிப்பவர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அடுத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு படம். சுவரில் தொங்குகிறதே, அதன் மூலப்படம். இதில் கொள்ளுத்தாத்தா முழுதாக நிற்கிறார். காலடியில் சேற்றுக் கால்வாய். முதுகில் ஒரு தகர டின். டின்னிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, வளைந்து, அந்தப் பிரம்பின் அடியில் போய்ச் சேர்கிறது. பின்னால் அதே டின்னோடு இன்னும் மூன்று பேர்.

அது பிரம்பே இல்லை. தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்து, கொசுப்புழுக்களைக் கொல்லும் தெளிகோல்.

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? பெருசாக்கிப் பிரேம் போடக் கொடுத்தப்ப நானும்தான் கூடப் போனேன். டின்ன வெச்சிக்கவா வெட்டவான்னு கடைக்காரன் கேட்டான். ஒங்க பெரியப்பாதான் வெட்டச் சொன்னாரு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அலமாக், அவரு அண்ணன் லா! நான் போய் என்னத்த சொல்றது?" ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். அத்தை எழுந்து போய்விட்டார்.

ஆக, பெரியப்பாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. சுவரில் இருந்த கங்காணி தோட்டத்தில் நியமிக்கப்பட்டவர் அல்லர். போட்டோ கடையில் பதவி உயர்வு பெற்றவர்.

மறுநாள் மாலை பாசிர் கூடாங்குக்குப் போனேன். வாய்ச்சொல்லில் நான் கெட்டிக்காரி இல்லை. அத்தையிடம் வாங்கி வந்த சின்னப் படத்தை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

பெரியப்பா அதைத் தொடவில்லை. "ஒன்ன எழுதச் சொன்னேன். தோண்டவா சொன்னேன்?"

"கங்காணின்னு என்னால எழுத முடியாது, பெரியப்பா."

"அப்போ நானே எழுதிக்கிறேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கொடுக்கணும்." குரல் சட்டென்று இறங்கியது. "ஒனக்கு என்ன தெரியும்? என் கல்யாணத்துல, பொண்ணு வீட்டு வாசல்ல நிக்கிறேன். 'கொசுக்காரன் பேரன் வந்துட்டான், கொசுவலையக் கட்டுங்க'ன்னு ஒருத்தன் கத்தினான். எல்லாரும் சிரிச்சாங்க... ஒங்க பெரியம்மாவும் சிரிச்சா. அடுத்த மாசமே போட்டோவ வெட்டினேன். நாளைக்கு என் பிள்ளையப் பாத்து அவங்க வீட்ல எவனாவது சிரிச்சா?"

என் பக்கம் உண்மை இருந்தது. அவர் பக்கம் அந்தச் சிரிப்பு இருந்தது.

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாலதி அக்கா உள்ளே வந்தார்.

"அப்பா, போன மாசம் நம்ம தாமான் தெருவுல டெங்கிக்குப் புகை அடிக்க வந்தாங்களே, அவங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தது யாரு?"

"நான்தான். அதுக்கு என்ன?"

"அவங்களப் பாத்து நீங்க சிரிச்சீங்களா?"

"ஏன் சிரிக்கணும்? அவங்க வரலன்னா தெருவே ஆஸ்பத்திரில கெடக்கும்..." பாதியில் நிறுத்தினார்.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைக் கையில் எடுத்தார்.

"டின்ன மட்டும்தான் வெட்டச் சொன்னேன். கூட நின்ன மூணு பேரையும் சேத்து வெட்டிட்டான் பாரு, படுபாவி."

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வை நான் அறிவேன். அடுத்து ஒரு பெருமை வரும்.

"சரி, எழுது. கொசுன்னே எழுது. மூணு தடவ எழுது. ஆனா ஒரு வரி சேத்துக்க. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் காய்ச்சல்ல படுக்காம கொடி காட்டினாரே, அது யாரு புண்ணியத்துலன்னு. எங்க தாத்தா இல்லன்னா அவங்க ரயிலே ஓடியிருக்காது லா!"

"அப்பா!" என்றார் மாலதி அக்கா. ஆனால் சிரித்துவிட்டார்.

மூதாதையரைத் தேடப் போகிறவர்கள் அவர்களுடைய தொழிலைக் கண்டுபிடிக்கிறார்கள். நான் கண்டுபிடித்தது வேறு: எந்தத் தொழிலைக் கொடுத்தாலும், ஒரு பெரியப்பா அதிலிருந்து ஒரு கிரீடம் செய்துகொள்வார். அதை அவர் முன்பே செய்திருந்தால் படத்தில் நான்கு பேரும் பிழைத்திருப்பார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நூறு சொற்களை எழுதி முடித்து, வெட்டாத படத்தோடு அச்சகத்துக்கு அனுப்பினேன். ரயிலை ஓட வைத்த வரியை மட்டும் எடுத்துவிட்டேன் — கொள்ளுத்தாத்தாவின் தோட்டத்திலிருந்து அந்த ஸ்டேஷன் மாஸ்டரின் ரயில் நிலையம் நாற்பது மைல். எந்தக் கொசுவும் அவ்வளவு தூரம் பறக்காது.