மாகறல் கல்யாணத்துக்குப் போன சாட்சிப் பொருள்

வக்கீல் குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், திருடனுக்கு வாதாட வக்கீல் உண்டு, சோறு போட ஜெயில் வார்டர் உண்டு. பறிகொடுத்தவர் மட்டும் கோர்ட்டு வராந்தாவில் நின்றபடி நம் முகத்தையே பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் தப்பத் தெரியாத என் குமாஸ்தா இனத்தாருக்காக இதை எழுதுகிறேன். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் நடந்தது.

மடிப்பு

ராஜம்மா மாகறலில் நாற்று நடும் கூலிக்காரி. கணவர் இல்லை. மகள் மல்லிகாவின் முகூர்த்தத்துக்கு வாங்கிய அரக்குப் பட்டுப்புடவையை பஸ் ஸ்டாண்டில் ஒருவன் அடித்துக்கொண்டு போய்விட்டான். ஆளையும் புடவையையும் போலீஸ் பிடித்துவிட்டது. ஆனால் புடவை சாட்சிப் பொருளாகி கோர்ட்டு அலமாரிக்குள் போய்விட்டது. வழக்கு முடிந்தால்தான் வெளியே வரும்.

ராஜம்மா வாய்தாவுக்கு வாய்தா வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்பாள். மடிப்பு மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த இடத்தில் விட்டுப்போகும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கடைசியில் கோர்ட்டு கிளார்க் மனமிரங்கி அலமாரியைத் திறந்தார். ஜன்னல் வெயிலில் புடவையை விரித்ததும் அந்தத் தூசி படிந்த அறையே சிவந்துபோயிற்று. கிளார்க்கும் நானும் எந்த வேலையாக வந்தோம் என்பதே மறந்து நின்றோம். ராஜம்மா மட்டும் தொடவில்லை.

"நீங்களே மடிங்க சாமி. நாத்து நட்ட கை, சொரசொரன்னு இருக்குது. பட்டு இழுத்துக்கும்."

ஜாமீன்

கல்யாணம் நெருங்கியது. எங்கள் வக்கீல் பீஸ் வாங்காமலே மனுப் போட்டார். நீதிபதி சம்மதித்தார். ஆனால் கூப்பிடும்போது புடவையை இருக்கிற நிலையிலேயே கொண்டுவந்து காட்ட வேண்டும், அதற்கு ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார். ராஜம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். அவளுக்கு யார் இருக்கிறார்கள்? தூக்கத்தில் எழுந்து நடப்பவனைப் போல நான் முன்னால் போய் நின்றேன். வெளியே வந்ததும் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

"திருடனே ஜாமீன்ல வீட்டுக்குப் போயிட்டான். பொடவைக்கு நீ ஜாமீனாய்யா?"

மஞ்சள்

சாம்பார் பட்டுவிடுமோ, விளக்கு சுட்டுவிடுமோ என்ற பயத்தில் புடவைக்குக் காவலாக நானும் மாகறல் போனேன். கோயில் மண்டபத்தில் விடிகாலைப் பனி இன்னும் கலையவில்லை. நாதஸ்வரம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. அவர்கள் வழக்கப்படி தாய்மாமன்தான் புதுப்புடவையின் மூலையில் மஞ்சள் தடவி, தட்டோடு பெண் கையில் கொடுக்க வேண்டும். மஞ்சள் படாத புடவையைப் பெண் கட்டக்கூடாது. ராஜம்மாவுக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை.

"மாமன் யாருப்பா? நேரமாவுது!" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். மல்லிகா தலை நிமிரவில்லை. கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ராஜம்மா மஞ்சள் கிண்ணத்தோடு நேராக என்னிடம் வந்தாள். இருக்கிற நிலையிலேயே என்று நீதிபதி சொன்னது காதில் ஒலித்தது. "கோர்ட்டுல கேப்பாங்கம்மா" என்று கிசுகிசுத்தேன். அதுவரை என்னைச் சாமி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"கேட்டா சொல்லுங்கண்ணே, தாய்மாமன் வெச்ச மஞ்சள்னு."

வைத்தேன். சற்று நேரத்தில் அந்த அரக்குச் சிவப்பு பனிக்குள்ளிருந்து நடந்து வந்தபோது என் கண்ணைக் கண்ணீர் மறைத்துவிட்டது.

அடுத்த வாய்தாவில் நீதிபதி அந்த மூலையைக் காட்டிக் கேட்டார். ராஜம்மா சொல்லச் சொன்னதையே சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

குமாஸ்தா வேலையில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அது ஒன்றுதான்.