நங்கூரம் பலசாலியா?

கேம் கடை நடத்தக் கேம் தெரியத் தேவையில்லை, எந்த ஜொய்ஸ்டிக்கில் எந்தப் பொத்தான் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் என் கணவர் கட்டாருக்கு விமானம் ஏறினார். நீங்கள் சலூன் வைத்திருந்தாலும் சரி, தேத்தண்ணிக் கடை வைத்திருந்தாலும் சரி, இரண்டு வாடிக்கையாளர் சண்டைக்கு நடுவில் ஒருமுறை நின்றிருந்தால் அது எவ்வளவு பெரிய பொய் என்று உங்களுக்கே தெரியும்.

சங்கிலிக்காரன்

யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஆலங்குடாவுக்குப் போகிற வீதியில், மீனவர் சங்கத்துக்குச் சொந்தமான ஓர் அறையில் எங்கள் கடை இருந்தது. இரண்டு டிவி, நாலு பிளாஸ்டிக் கதிரை, ஒரு ஃபேன். சோளகக் காற்று தொடங்கிக் கடலுக்குப் போக முடியாத மாதங்களில் வளர்ந்த ஆம்பிளைகள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கேட்பது ஒரே ஒரு சண்டை கேம். அதில் பதினாறு பேர் இருக்கிறார்கள், ஆனால் எல்லாருக்கும் வேண்டியது ஒருவன்தான். மொட்டைத் தலை, பீப்பாய் உடம்பு, கையில் சங்கிலி. கொரிய மொழி டிஸ்க் என்பதால் அவன் பெயரை வாசிக்க ஆளில்லை. மெதுவாக வருவான், பிடித்தால் விடமாட்டான். அதனால் நங்கூரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நங்கூரத்திடம் தோற்றவர்கள் அவனை எடுப்பதே அநியாயம் என்றார்கள். வென்றவர்கள், முடிந்தால் அடித்துப் பார் என்றார்கள். ஒருநாள் கதை முற்றி ஒரு கதிரையின் கால் உடைந்தது. சங்கத் தலைவர் சூசை அண்ணன் வந்து பார்த்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை, எனக்கு அதுதான் கூடப் பயம். இன்னொரு சண்டை வந்தால் அறையைப் பூட்டித் திறப்பை வாங்கிவிடுவேன் என்றார். கட்டாரில் என் கணவருக்கு இன்னும் ஒழுங்கான வேலை கிடைக்கவில்லை. அந்த அறைதான் எங்கள் வீட்டுச் சோறு. வாசல் வரை போனவர் திரும்பி நின்று சொன்னார்: "தங்கச்சி, வாற மாசம் முதல் ஞாயிறு பூசை முடிய வாறன். அவன் அளவுக்கு மிஞ்சின பலசாலியா இல்லையா எண்டு அண்டைக்கு ஒரு முடிவு எடுப்பம். பலசாலியெண்டா ஆரும் அவன எடுக்கக் கூடாது."

ஒரே கொப்பி, இரண்டு பக்கம்

அவனைத் தடுத்தால் அவனுக்காகவே வருகிறவர்கள் சண்டை பிடிப்பார்கள். விட்டால் மற்றவர்கள் பிடிப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் திறப்புப் போகப் போகிறது. சரி, விஷயத்தையாவது விளங்கிக்கொள்வோம் என்று ஒரு கொப்பி எடுத்து, ஒரு பக்கத்தில் பலம், மறுபக்கத்தில் பலவீனம் என்று எழுதி, கடையிலேயே கெட்டிக்காரரான ரிஸ்வான் நானாவைக் கூப்பிட்டேன். கல்பிட்டியில் ஆட்டோ ஓட்டுகிறவர்.

அவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். நங்கூரத்தின் பலம், சங்கிலியை வீசித் தூரத்தில் நிற்பவனையும் இழுத்துவிடுவான், ஒரு பிடியில் எதிரியின் உயிரில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பலவீனம், பாயத் தெரியாது, சங்கிலி வீசி அது படாவிட்டால் மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நிற்பான், அந்த நேரம் காலில் உதைத்தால் விழுவான். இதுவரை எனக்கு நன்றாக விளங்கியது. நடையும் மெதுவுதானே என்று அதையும் பலவீனப் பக்கத்தில் எழுதப் போனேன். அதைப் பலத்தில் போடச் சொன்னார். எதிரி பொறுமை கெட்டுத் தானே கிட்ட வந்து மாட்டுவானாம். பிறகு கொஞ்சம் யோசித்து, தான் தோற்றதெல்லாம் அந்த நடையால்தான் என்றார். பேனையைப் பிடித்தபடி, அப்படியென்றால் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்டேன். "ரெண்டுலயும் எழுதுங்க அக்கா, ஆனா வேற வேற நாளில எழுதுங்க" என்றார்.

கரைவலைச் சட்டம்

பிரச்சினையைத் தாங்களே தீர்ப்பதாக மரியதாஸ் முன்வந்தான். கரைவலை இழுக்கிறவன். எங்கள் கரையில் நல்ல இடத்தில் வலை போட எல்லாருக்கும் ஆசை இருக்கும், அதனால் ஆளுக்கொரு முறை என்று வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நங்கூரத்துக்கும் பாடு வைத்தால் சண்டையே வராது என்று எட்டுப் பேர் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டினான். எட்டு நாளைக்கு ஒருமுறை ஒருவருக்கு நங்கூரம். எனக்கு அவன் காலில் விழலாம் போலிருந்தது.

இரண்டு கிழமையில் தலைகீழாகிவிட்டது. எட்டு நாளைக்கு ஒருமுறை தொட்டால் கை எப்படிப் பழகும்? அன்றைய பாடு கிடைத்தவன் வருவான், சங்கிலியை வெறும் காற்றில் வீசுவான், மூச்சு வாங்குவான், உதை வாங்குவான், தோற்பான். அளவுக்கு மிஞ்சின பலசாலி என்று கதிரை உடைத்த அதே ஆட்கள், இவன் ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஏசத் தொடங்கினார்கள். ஆனால் ஒருவரும் தன் பாடு நாளை விடவில்லை. மரியதாஸ் தன் பாடு நாளில் பதினொரு தரம் வரிசையாகத் தோற்றான். பாவமாக இருந்தது. வேறு ஒருவனை எடுத்து விளையாடேன் என்றேன். நான் ஏதோ அசிங்கமாகச் சொன்னதுபோல் பார்த்தான். "மீன் வருதோ இல்லையோ, பாடு வந்தா வலை போடணும் அக்கா" என்றான்.

கொரியா போய் வந்தவர்

ஞாயிறு நெருங்கியது. நங்கூரம் பலசாலியா, சோணகிரியா என்று முன்பைவிட எனக்குக் குழப்பம் கூடியிருந்தது. அப்போதுதான் சிலாபத்திலிருந்து மீன் எடுக்க லொறியில் வந்த ஒரு சிங்கள ஐயா மழைக்கு ஒதுங்கிக் கடைக்குள் வந்தார். ஆறு வருடம் கொரியாவில் வேலை செய்தவர், எழுத்தும் வாசிப்பாராம். கடவுளே அனுப்பியதாக நினைத்தேன். கேமில் வருகிற ஒவ்வொருவனைப் பற்றியும் திரையில் ஒரு பக்கம் நிறைய எழுத்து வரும். பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை.

கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, நங்கூரத்தின் பக்கத்தைத் திறந்து வைத்தேன். எட்டுப் பேரும் அவர் பின்னால் வந்து நின்றார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தரம் வாசித்தார். "நங்கி, சண்டையப் பத்தி இதில ஒண்டும் இல்ல. இவனுக்கு விருப்பம் வத்தாளங்கிழங்கு, விருப்பமில்லாதது சத்தம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை

பூசை உடுப்போடு சூசை அண்ணன் வந்தார். நான் கொப்பியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, விளையாடியே பார்ப்போம் என்றார். இந்த எட்டுப் பேரில் ஒருவர்மீதும் நம்பிக்கையில்லை, அதனால் நங்கூரத்தை நான் எடுக்க வேண்டுமாம். அவர் ஒரு மெல்லிய பெண்ணை எடுத்துக்கொண்டார். மூன்று சுற்று. அவர் தோற்றால் நங்கூரத்துக்குத் தடை.

முதல் சுற்றில் எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாமல் நான் தோற்றேன். அண்ணன் மீசைக்குள் சிரித்தார். இரண்டாவதில் சங்கிலி எப்படியோ பறந்து அவரைப் பிடித்து இழுத்து அடித்தது. இது அநியாயம் என்று அவர் வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. சங்கத் தலைவரை எட்டுப் பேர் முன்னால் தோற்கடித்தால் திறப்பு அன்றைக்கே போய்விடும், அதனால் மூன்றாவதில் தோற்றுவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். உங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள், தோற்பதற்கும் கொஞ்சம் கேம் தெரிய வேண்டும். நான் எதை அமத்தினாலும் அது அவருக்கே பட்டது. விலகி நின்றால் அவர் தானாக வந்து சங்கிலியில் மாட்டினார். அவருடைய உயிர் ஒரு நூலளவுதான் மிச்சம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜொய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன்.

நங்கூரம் மரம்போல் நின்றான். அண்ணன் ஒரே உதையைத் திரும்பத் திரும்ப உதைத்து, உதைத்து, வென்றார். திரையை விட்டுக் கண்ணெடுக்காததால் என் மடியை அவர் காணவில்லை. பின்னால் நின்ற எட்டுப் பேரும் கண்டார்கள். ஒரு சின்ன விஷயத்துக்கும் ஒத்துப்போகாத அந்த எட்டுப் பேரும் அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மரியதாஸ் மட்டும் எட்டி ஃபேனின் வேகத்தைக் கூட்டி வைத்தான். அண்ணன் எழும்பி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, திறப்புப் பேச்சே எடுக்காமல் தீர்ப்புச் சொன்னார்: "அவனில ஒரு பிழையும் இல்ல தங்கச்சி. எல்லாம் விளையாடுறவன்ட கையிலதான் இருக்கு."

அன்றிலிருந்து நங்கூரம் பலசாலியா என்று யார் கேட்டாலும், நீங்கள் இப்போது வென்றுவிட்டு வருகிறீர்களா, தோற்றுவிட்டு வருகிறீர்களா என்று விசாரித்துவிட்டுத்தான் நான் பதில் சொல்கிறேன்.