மேஸ்திரி உட்கார்ந்து பார்த்த நாற்காலி

ஒரு வேகவைத்த முட்டையைச் சாப்பிட்டு முடிக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மேஸ்திரிக்கு அரை மணி நேரம் ஆகிறது. மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் நான்கு முட்டைகளைக் காணாமல் போகச் செய்தவர்தான் அவர். இப்போது நகத்தளவு துண்டு ஒன்றை வாயில் வைத்து, தண்ணீராகும் வரை மென்று, விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். எதிரே மனைவி துணி மடிக்கிறாள். கைதான் மடிக்கிறது, கண் அவருடைய தொண்டையில் இருக்கிறது.

எட்டு மாதத்துக்கு முன், உடம்பு எடையைக் குறைக்க, அறுவைச் சிகிச்சை செய்து இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு சின்ன வாழைப்பழ அளவு. அதற்குள் எவ்வளவு போகும் என்று டாக்டருக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது. ஒரு வாய் அதிகமாகிவிட்டால் முதலில் மூக்கு ஒழுகும். பிறகு நெஞ்சில் கல்லை வைத்தது போல அடைக்கும். வாயெல்லாம் எச்சில் ஊறும். அப்புறம் எழுந்து ஓட வேண்டியதுதான். எந்த வாய் அந்த அதிகமான வாய் என்பது விழுங்கிய பிறகுதான் தெரியும். அதனால் ஒவ்வொரு வாயையும் பயந்து பயந்துதான் விழுங்கினார். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான், அதுவும் மடக்கு மடக்காக. தாகத்தையும் பசியையும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் வளர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

உடம்பு கரைந்துவிட்டது. மோதிரம் விரலில் நிற்காமல் பீரோவுக்குப் போனது. பெல்ட்டில் புதுசு புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டே வந்து கடைசியில் பெல்ட்டையே மாற்றினார். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. உச்சி வெயிலிலும் குளிர்ந்தது. ஆனால் அவருடைய மனசுக்கு இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. வாசலில் நுழையும்போது ஒருக்களித்துத்தான் நுழைவார். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கே போனாலும் நாற்காலியைக் கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்க்காமல் உட்கார மாட்டார்.

நாற்காலியை அழுத்திப் பார்ப்பது அவருடைய தொழிலும்தான். நாற்காலிப் பட்டறையில் மேஸ்திரி. இழைப்பிலும் பொருத்துவதிலும் கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் பேர் போனது அதற்காக இல்லை. பட்டறையில் செய்த எந்த நாற்காலியும் மேஸ்திரி உட்காராமல் வாசலைத் தாண்டாது. தொம்மென்று உட்காருவார். பின்னால் சாய்ந்து முன்னங்கால் இரண்டையும் தரையிலிருந்து தூக்குவார். இடுப்பை வலமும் இடமும் ஒரு முறுக்கு முறுக்குவார். காலும் சட்டமும் சேருகிற இடத்தில் எங்காவது கோளாறு இருந்தால் அந்த எடைக்கு அது முனகும். முனகினால் கழற்று. முனகாவிட்டால் பாஸ். "நம்ம மேஸ்திரி உக்காந்து பாத்ததுங்க" என்று முதலாளி சொல்லிவிட்டால் வாங்குகிறவர்கள் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.

பாரமாக இருந்ததால் பட்ட அவமானம் எத்தனையோ. அந்தப் பாரத்துக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அந்தப் பட்டறை. ஆகவே ஆபரேஷன் விஷயத்தை அங்கே மூச்சு விடவில்லை. பித்தப்பையில் கல் என்று சொல்லி லீவு போட்டார். திரும்பி வந்தவர் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே போனதும், ஏதோ பெரிய வியாதி என்று அவர்களாகவே முடிவு கட்டி, அவர் பக்கத்தில் வந்தாலே குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். அவரும் அதைத் திருத்தவில்லை. திருத்தினால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்: அப்படியானால் இனிமேல் யார் உட்கார்ந்து பார்ப்பது?

அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாததுதான் வேடிக்கை. மனிதர் பாதியாகிவிட்டார், கண்ணெதிரே. ஆனால் "மேஸ்திரி, இந்த லோடு ரெடி, வந்து உக்காருங்க" என்று பழையபடியே கூப்பிட்டார்கள். அவரும் போய்ப் பழையபடியே தொம்மென்று உட்கார்ந்தார். தொம் இல்லை, தப்பென்று ஒரு சத்தம். எந்த நாற்காலியும் முனகவில்லை. மாதக் கணக்கில் ஒன்றுகூட முனகவில்லை. வேலை அவ்வளவு சுத்தமாகிவிட்டது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அது பொய் என்பது உள்ளுக்குள் எங்கேயோ உறுத்திக்கொண்டுதான் இருந்தது. உறுத்தலோடு உட்கார்ந்து, உறுத்தலோடு எழுந்து, "பாஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஒரு ஆஸ்பத்திரிக்கு நாற்காலிகள் போயின. வழக்கத்தைவிட அகலமாகக் கேட்டிருந்தார்கள். பச்சை மெத்தை. பசையும் புதுசு, சீக்கிரம் காய்கிறது என்று முதலாளி மாற்றியிருந்தார். மேஸ்திரி முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது! பிறந்ததிலிருந்து எந்த நாற்காலியிலும் அவருக்கு இடம் மிஞ்சியதில்லை. இரண்டு கையையும் இரண்டு பக்கமும் விட்டுப் பார்த்தார். அடுத்த நாற்காலியிலும் அதையே செய்தார். சின்னப் பிள்ளைக்குப் புதுச் சட்டை கிடைத்த சந்தோஷம் அவருக்கு. அந்தச் சந்தோஷத்தில் காதை எங்கேயோ தொலைத்துவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அந்தப் பச்சை நாற்காலியைப் பற்றித்தான் பேசினார். இவ்வளவு அகலத்தை எந்த ஆஸ்பத்திரியில், எதற்குக் கேட்டிருப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

இன்று அவருக்குப் பரிசோதனை நாள். இரத்தம் கொடுத்துவிட்டு மாடியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவியும் கூட வந்தாள். காத்திருக்கும் ஹாலின் கதவைத் திறந்ததும் வார்னிஷ் வாசனை வந்தது. சுவரோரம் வரிசையாகப் பச்சை நாற்காலிகள்.

"என்னங்க, இது நீங்க சொன்ன நாற்காலிதானே?" என்றாள் மனைவி. அவளுக்கு முகமெல்லாம் பெருமை.

மேஸ்திரிக்கும் ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது. போய் உட்கார்ந்தார். அப்போதுதான் எதிர்ச் சுவரில் சாய்ந்து நிற்கிற பெண்ணைப் பார்த்தார். முப்பது வயது இருக்கலாம். பெரிய உடம்பு. ஒரு கால் வலித்தால் மறுகாலுக்கு எடையை மாற்றி மாற்றி நின்றாள். ஹாலில் பாதி நாற்காலிகள் காலி. அவள் ஏன் உட்காரவில்லை என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் மேஸ்திரிக்குத் தெரியும். எடையைக் குறைக்க வருகிறவர்கள் உட்காரத்தான் இவ்வளவு அகலம். அவர் போட்ட பாஸை நம்பி.

அதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டாள். "ஏம்மா நிக்கிறீங்க? இவ்வளவு காலியா இருக்கே, வந்து உக்காருங்க."

"பரவாயில்லக்கா. நின்னே பழகிடுச்சு."

"பயப்படாதீங்க. இதெல்லாம் இவர் பட்டறையில செஞ்சதுதான். ஒவ்வொண்ணுலயும் இவரே உக்காந்து பாத்துத்தான் அனுப்புவாரு. யானையே உக்காந்தாலும் தாங்கும்." சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "யானை வரலக்கா இன்னைக்கு. என்னத் தாங்கினா போதும்." மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்தது. பக்கத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள்.

"வேண்டாம்! உக்காராதீங்க!"

குரல் அவர் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. ஹாலே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து சிரிப்பு போன வேகத்தை மேஸ்திரி சாகும்வரை மறக்க மாட்டார். அந்த முகம் அவருக்குத் தெரிந்த முகம். ஒரு நாள் அவரும் அப்படித்தான் இருந்திருப்பார். அன்று எதிரே கண்ணாடி இல்லை, அவ்வளவுதான்.

"சரிங்க. நான் நிக்கிறேன்" என்று கையை எடுத்துக்கொண்டாள். "மொதல்லயே சொன்னேனே."

"அய்யோ, உங்களச் சொல்லலம்மா. நாற்காலியச் சொல்றேன். இல்ல, என்னச் சொல்றேன்."

"என்னங்க உளர்றீங்க?" என்றாள் மனைவி.

மேஸ்திரி எழுந்து நின்றார். எட்டு மாதமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்தது ஹால் நடுவில் வெளியே வந்தது. "நான் உக்காந்து பாத்தேன்னு இவ சொன்னா இல்ல, அது நிஜம். ஆனா இந்த உடம்போட உக்காந்து பாத்தேன். போன வருஷம் வரைக்கும் நானும் உங்கள மாதிரிதாம்மா இருந்தேன். அப்ப நான் பாஸ்னு சொன்னா அது பாஸ். இப்ப நான் உக்காந்தா உடைஞ்ச ஸ்டூல்கூட வாயத் திறக்காது. தெரிஞ்சும் சொல்லாம உக்காந்துட்டு இருந்தேன்." மனைவி பக்கம் திரும்பினார். "நீ இங்க வா. என் மடில உக்காரு."

"என்னது?"

"எங்கிட்ட இருந்து எறங்கின எடை ஏறக்கொறைய உன் எடைதான். டாக்டரே சொன்னாரு இல்ல, ஒரு ஆளையே எறக்கி வச்சிட்டீங்கன்னு? வந்து உக்காரு."

"பைத்தியமா உங்களுக்கு? அத்தனை பேரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

அவருக்கு மடி என்று ஒன்று இருந்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த இடத்தை வயிறு எடுத்துக்கொண்டிருந்தது. மகள்கூடக் குழந்தையில் அவர் தொப்பை மேல்தான் தூங்கினாள். இப்போது அவர் ஒரு பச்சை நாற்காலியில் மடியோடு உட்கார்ந்திருந்தார். மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பரீட்சைக்குப் போகிறவள் போல வந்து அதில் உட்கார்ந்தாள்.

"எலும்பு குத்துது" என்று முணுமுணுத்தாள்.

"பேசாத. காதக் குடு."

கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்பின. இடுப்பை வலப்பக்கம் ஒரு முறுக்கு. ஒன்றுமில்லை. இடப்பக்கம் ஒரு முறுக்கு. தாங்கிவிடு, தாங்கிவிடு என்று மனசு கெஞ்சியது. தாங்கிவிட்டால் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். நாற்காலியின் பின்பக்க வலது காலிலிருந்து ஒரு முனகல் வந்தது. எட்டு மாதமாகக் கேட்காத சத்தம். தொடர்ந்து டக்கென்று பசை விட்டது. மனைவி ஒரே துள்ளலில் எழுந்துவிட்டாள். மேஸ்திரி நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். காலும் சட்டமும் சேருகிற இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

அந்தப் பெண்ணும் குனிந்து பார்த்தாள்.

மேஸ்திரி போனை எடுத்தார். முதலாளியின் எண்ணை அழுத்தினார்.

"நீங்கதானே மேஸ்திரி உக்காந்து பாத்தீங்க?" என்றார் முதலாளி.

"பாத்தேங்க. ஆனா நான் கல்லு எடுக்கலீங்க. இளைக்கறதுக்காக வயித்த வெட்டிக்கிட்டேன். என் எடை முன்ன மாதிரி இல்ல. ஆஸ்பத்திரி நாற்காலி மட்டும் இல்லீங்க, எட்டு மாசமா நான் பாஸ் போட்டது எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்."

"எட்டு மாசமாவா?"

"ஆமாங்க."

"நாளைக்குக் காலையில வாங்க, பேசிக்கலாம்" என்று சொல்லி முதலாளி வைத்துவிட்டார். எப்போதும் பேச்சை முடிக்கும்போது "சரி மேஸ்திரி" என்பார். இன்று அந்த வார்த்தை வரவில்லை.

வரவேற்பில் இருந்தவரிடம் மேஸ்திரி விஷயத்தைச் சொன்னதும், உட்கார்ந்திருந்தவர்களைப் பக்கத்து அறையின் இரும்பு பெஞ்சுகளுக்கு அனுப்பினார்கள். பெஞ்சு நிறைந்துவிட்டது. மேஸ்திரி போய் எதிர்ச் சுவரில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றார்.

"அண்ணே" என்றாள் அவள் மெதுவாக. "உங்களுக்கு நாற்காலி உடைஞ்சிருக்கா?"

"ஒரு தடவ. பொண்ணு பள்ளிக்கூடத்துல. எல்லாரோட அப்பா அம்மாவும் இருந்தாங்க, இவ மட்டும் அன்னைக்கு வரல."

"எனக்கு ரெண்டு தடவ."

மேஸ்திரி தலையாட்டினார். "வீட்டுக்கு வர்ற வரைக்கும் பொண்ணு எங்கூடப் பேசல. மறுவாரம் இங்க வந்து பேர் குடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சர்க்கரை நோய்க்காகத்தான் இவர் வயிற்றை வெட்டிக்கொண்டார் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தவள் அவள். "எனக்குச் சொல்லலையே" என்றாள். "நம்ம பொண்ணும் சொல்லலையே." கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்காமல் அவரை ஒட்டி வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மேஸ்திரி நாளைக் காலையை நினைத்தார். வேலை இருக்குமோ போகுமோ. எட்டு மாதமாகப் பாஸ் போட்ட நாற்காலிகள் எந்தெந்த வீட்டில் யார் யாரைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றனவோ.

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். விஷயம் எதுவும் தெரியாதவள். காலி நாற்காலிகளைப் பார்த்தாள், சுவரோரம் வரிசையாக நிற்கிற மூன்று பேரையும் பார்த்தாள்.

"இவ்வளவு நாற்காலி காலியா கெடக்கு, ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க."

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா. எங்களுக்கு நின்னே பழகிடுச்சு."