நண்பகல் மணியும் ஆன்லைன் பயிற்சியும்

இதை எழுத நினைத்தும் சில வருடங்களாகக் கை வரவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதினால் யார் வாசிப்பார்கள் என்ற கூச்சம் ஒருபக்கம். மாதா காரியத்தில் ஏதாவது குறைத்துச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் ஒருபக்கம்.

திருச்செந்தூர் பக்கம் எங்கள் கடற்கரை ஊரில் ஒரு மழலையர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆசிரியர்களுக்கான ஆன்லைன் பயிற்சியை முடித்தால்தான் அடுத்த வருடம் வகுப்பு உண்டு என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பயிற்சி தொடங்கியதும் சென்னையிலிருந்து பேசியவர் விதிகளைச் சொன்னார். மைக்கை அணைத்து வைக்க வேண்டும். முகம் தெரிய வேண்டும். இடையில் எழுந்து போகிறவர்களுக்குச் சான்றிதழ் இல்லை.

குசினியில் அரிசி டின்னில் போனைச் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மாதா கோயில் மணி அடித்தது. மணி அடித்தால் எங்கள் ஊரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. முக்காடு போட்டு எழுந்து நின்று, காலை, நண்பகல், மாலை மணிக்கு மாதாவை நினைத்துச் சொல்லும் மூவேளைச் செபத்தைச் சொன்னேன். போனில் என் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. பாதிச் செபத்தில் எப்படிப் பதில் சொல்ல? முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால், என்னைக் கூட்டத்திலிருந்து நீக்கியிருந்தார்கள். திரும்ப உள்ளே போக முடியவில்லை.

அடுத்த வீட்டில் இருக்கும் என் நாத்தனார் வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"ஏளா, கரண்டு போயிட்டுன்னு சொல்லிரு. நம்ம ஊர்ல அது தெனமும் போவத்தான செய்யி?"

"இப்பத்தான் செபம் சொன்னேன். அதே வாயால எப்படி மைனி பொய் சொல்ல?"

"அப்ப வேல போவட்டும். எந் தம்பி கொண்டு வார நெத்திலிய அங்கன உக்காந்து காயப்போடு!"

வாட்ஸ்அப் குழுவில் இருந்த எண்ணைப் பார்த்து, பயிற்சி நடத்தியவரையே மாலையில் கூப்பிட்டேன்.

"கூப்பிட்டுப் பார்த்தேன், பதிலே இல்லையே டீச்சர்? போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"கேட்டுச்சு சார். செபத்துல நின்னேன். மணி அடிச்சா நாங்க எந்திரிச்சு நிப்போம்."

"எழுந்து நின்னா கேமராவுல உங்க சேலைதான் தெரியும்."

"அது எனக்குத் தோணல சார்."

"சாட்ல ஒரு வரி போட்டிருக்கலாமே?"

"அங்கன எழுத எடம் இருக்கதே தெரியாது சார்."

அவர் சிரித்துவிட்டார். "நாங்களும் அதைச் சொல்லித் தரலையே" என்றார். விட்டுப்போன பகுதியை அடுத்த குழுவோடு உட்கார்ந்து முடிக்கச் சொன்னார். அந்த முறை, செபத்துக்கு நிற்கப் போகிறேன் என்று முதலில் எழுதிப் போட்டுவிட்டு நின்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சான்றிதழ் வந்தது, வகுப்பும் என்னிடமே இருக்கிறது.

ஆனால் ஊரில் இதை வேறு மாதிரிச் சொல்லுகிறார்கள். மாதாவே போனை அணைத்தாளாம். நான் செபம் முடித்ததும் அதில் தானாக வெளிச்சம் வந்ததாம். மாதா சொரூபம் இருக்கும் கெபியில் மெழுகுதிரி ஏற்ற வந்த வெளியூர்க்காரர்கள்கூட என்னிடம் கேட்டார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடைத்தது. பயிற்சி நடத்தியவர் பொறுமையாகக் கேட்டார். மாதாவுக்கு நன்றி சொல்ல எனக்கு அதுவே போதும்.

வாசிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது புதுமை, அற்புதம் என்று எதையும் சேர்க்காமல், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.