அச்சு அசல்

காலை 11.20-க்குச் செய்தி வந்தது. எனக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்களாம்.

நான் ஒத்தக்கடை ஆபீஸில் இருந்தேன். எங்கள் சர்வர் கம்ப்யூட்டரில் ஓடும் விர்ச்சுவல் மெஷின்களுக்கு பேக்கப் வாங்குவதா, ரெப்ளிகேஷன் வாங்குவதா என்று பேச்சு. விற்க வந்தவர் விளக்கினார்:

"பேக்கப்னா பழசையே மீட்டு எடுக்கிறது சார். ரெப்ளிகேஷன்னா அச்சு அசலா இன்னொண்ணு ரெடியா நிக்கும். ஒண்ணு செத்தா அடுத்தது அந்த எடத்துல ஓடும். வித்தியாசமே தெரியாது."

அப்போதுதான் சோழவந்தான் பெரியப்பாவின் போன்.

"மீனா தங்கச்சியவே பேசியாச்சுடா. அச்சு அசல் அவ அக்காதான்."

என் மனைவி மீனாவுக்கு இன்னும் தலைத்திவசம்கூட வரவில்லை.

"அந்தப் புள்ளட்ட கேட்டீங்களா?"

"அதுட்ட என்னத்தக் கேக்க? காலேஜ் படிக்கிற புள்ள, சொன்னாக் கேட்டுக்கும். நீ மொதல்ல தாடிய எடு."

போனை வைத்ததும் அவளே மெசேஜ் அனுப்பினாள்: "மாமா, நீங்களாச்சும் வேணாம்னு சொல்லுங்க."

பெரியப்பாவைத் திரும்ப அழைத்தேன். "செத்தது மெஷின் இல்ல பெரியப்பா. வேணாம்."

"ஒன் நல்லதுக்குத்தானடா இம்புட்டும்!"

அவளுக்கு "சொல்லிட்டேன்மா" என்று அனுப்பினேன்.

இனி என் நல்லதுக்குப் பேச வருகிற சொந்தங்கள் எல்லாம் இந்தப் பதிவுக்குக் கீழேயே வரிசையாகப் பேசிக்கொள்ளுங்கள். போனை அணைத்துவிட்டேன்.